பேப்பர்கட்: அச்சுக் கணக்கு வைத்திருக்கும் சர்வரை யார் காப்பது?

சிங்கப்பூரின் உபி தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு சம்பளக் கணக்கு நிறுவனத்தில் கணினி, நெட்வொர்க், பிரிண்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சிறிய, நடுத்தர நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் சம்பளக் கணக்கை எங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. அதனால் எங்கள் பிரிண்டரில் வந்து விழும் தாள்களில் பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவருடைய ஐசி எண் (அடையாள அட்டை எண்), சம்பளம், மசே நிதிக் (மத்திய சேம நிதி) கணக்கு, வங்கிக் கணக்கு என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அச்சு வேலைகளைக் கணக்கு வைக்க நாங்கள் பேப்பர்கட் எம்எஃப் வைத்திருக்கிறோம். இந்த மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் காகிதம் மிச்சம், டோனர் மிச்சம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கும் சர்வரை எப்படிக் காப்பது என்பதையும் சேர்த்துத்தான் இதை மதிப்பிட வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மென்பொருள், வாங்கலாம். ஆனால் அதைப் பிரிண்டரோடு சேர்ந்து வந்த ஒரு துணைக்கருவி என்று நினைத்து மூலையில் போட்டுவிடுகிற அலுவலகம் இதை வாங்கவே வேண்டாம். சம்பள டேட்டாபேஸ் இருக்கும் சர்வருக்கு என்ன கவனிப்புக் கொடுப்பீர்களோ, அதே கவனிப்பு இதற்கும் வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பேப்பர்கட் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னைச் சேர்ந்த நிறுவனம். என்ஜி, எம்எஃப் என்று இரண்டு வகை உண்டு. அச்சிடுவதை மட்டும் கண்காணிக்க என்ஜி போதும். நகலெடுப்பது, ஸ்கேன் செய்வது ஆகியவற்றையும் சேர்த்துப் பெரிய மெஷினின் திரையிலேயே கட்டுப்படுத்த எம்எஃப் வேண்டும். யார், எப்போது, எந்தப் பிரிண்டரில், எத்தனை பக்கம், வண்ணமா கறுப்பு வெள்ளையா என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி பதிவாகும்.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அட்டையைத் தட்டினால்தான் தாள் வரும் என்ற ஏற்பாடு. அலுவலகக் கதவைத் திறக்கும் அதே ஊழியர் அட்டையை மெஷினில் இருக்கும் ரீடரில் தட்டினால், திரையில் அவரவர் அனுப்பிய வேலைகள் மட்டும் வரும். எந்த மாடியில் இருக்கும் மெஷினிலும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் விட்டால், நாம் வைத்த நேரம் கழித்துத் தானாக அழிந்துவிடும். இதன் அருமை தெரிய வேண்டுமானால் பிப்ரவரியில் எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும். மார்ச் 1ஆம் தேதிக்குள் வருமான வரிக்கான ஐஆர்8ஏ படிவ விவரங்கள் முடிந்தாக வேண்டும் என்பதால் அந்த மாதம் முழுக்க மெஷின் ஓய்வதே இல்லை. முன்பெல்லாம் இரண்டு வாடிக்கையாளர்களின் படிவங்கள் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். அவசரத்தில் ஒருவர் அள்ளிக்கொண்டு போனால், அடுத்த நிறுவனத்தின் ஊழியர் படிவம் இரண்டு அதில் சேர்ந்தே போய்விடும். இப்போது தட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் தாள் என்று ஒன்று கிடையாது. இதற்காக மட்டுமே காசு கொடுக்கலாம் என்பேன்.

வாடிக்கையாளர் வாரியாகச் செலவைப் பிரிப்பதும் சுலபம். அச்சிடும்போது ஒரு சிறு பெட்டி திறந்து எந்த வாடிக்கையாளரின் கணக்கு என்று கேட்கும். மாத முடிவில் அறிக்கை தானாகவே கணக்குப் பிரிவு அக்காவின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். அவரிடமிருந்து எனக்கு இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

சரி, இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு வரியிலும் ஆவணத்தின் பெயர் என்று ஒரு பத்தி இருக்கிறது. பார்ப்பவர்களின் கண் பக்க எண்ணிக்கையில் நிற்கும், இந்தப் பத்தியில் நிற்காது. வேர்டு கோப்பை அச்சிட்டால் கோப்பின் பெயர் அப்படியே அங்கே வந்து உட்காரும். இணையப் பக்கம் என்றால் அதன் தலைப்பு. மின்னஞ்சல் என்றால் அதன் பொருள் வரி. எங்கள் அலுவலகத்தில் கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தை யோசித்துப் பாருங்கள். ஊழியர் பெயர், ஐசி எண், மாதம், பிறகு ‘டெர்மினேஷன் லெட்டர்’ என்று. ஒரு வாடிக்கையாளர் ஆட்குறைப்புக்குத் தயாராகிறார் என்றால், அந்த ஊழியர்களுக்குத் தெரியும் முன்பே அச்சுக் கணக்கைப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். யாருடைய சம்பளத்தில் நீதிமன்றப் பிடித்தம் இருக்கிறது, யார் நீண்ட மருத்துவ விடுப்பில் போகிறார் என்பதெல்லாம் ஒரு தாளைக்கூடத் திறந்து படிக்காமல், பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இதில் மைக்ரோசாஃப்ட் எடுத்திருக்கும் நிலை கவனிக்க வேண்டியது. விண்டோஸில் அச்சு வேலைகளைப் பதிவு செய்ய ஒரு நிகழ்வுப் பதிவேடு உண்டு. முடிந்த ஒவ்வொரு அச்சு வேலையும் அதில் 307 என்ற எண்ணில் பதிவாகும். அந்தப் பதிவேடு இயல்பாக அணைத்தே இருக்கும். நாம் அதைத் திறந்துவிட்டாலும் ஆவணத்தின் பெயர் வராது, பொதுவாக ஒரு சொல் மட்டும் வரும். உண்மையான பெயர் வேண்டுமானால் குழுக் கொள்கையில் (அலுவலகக் கணினிகளுக்கு மொத்தமாக விதி வைக்கும் விண்டோஸ் வசதி) தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். கோப்பின் பெயரே அந்தரங்கம் என்று அவர்கள் கருதுவது இதிலிருந்து தெரிகிறது. பேப்பர்கட் போன்ற கணக்கு மென்பொருளில் அந்தப் பெயர் முதல் நாளிலிருந்தே பதிவாகத் தொடங்கிவிடும். தணிக்கைக்கு அது தேவைதான். ஆகவே அந்தப் பத்தியை யார் பார்க்கலாம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் பிரிவு மேலாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். “தம்பி, என் ஆளுங்க என்ன பிரிண்ட் பண்றாங்கன்னு நான் பார்க்கக் கூடாதா? எனக்கும் ஒரு லாகின் கொடுங்க.” நான் கொடுக்கவில்லை. “சார், உங்களுக்கு எண்ணிக்கை வேணும்னா மாசாமாசம் வந்துடும். பெயர் வேணும்னா எதுக்குன்னு எழுதிக் கொடுங்க, டைரக்டர் ஒப்புதலோட எடுத்துத் தர்றேன்” என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மொத்தக் கணக்கு அறிக்கையில் ஆளுக்கு எத்தனை பக்கம் என்பது மட்டுமே இருக்கும், ஆவணப் பெயர் இருக்காது. அவருடைய தேவைக்கு அது தாராளமாகப் போதும். இதில் பேப்பர்கட்டைப் பாராட்ட வேண்டும். நிர்வாக உரிமையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. ஒருவருக்கு அறிக்கை மட்டும், ஒருவருக்குப் பயனர் பட்டியல் மட்டும், ஒருவருக்குப் பிரிண்டர் நிலவரம் மட்டும் என்று. முழு உரிமையை இரண்டு பேரோடு நிறுத்திவிட்டேன். இருவரும் சொந்தக் கணக்கில்தான் உள்ளே போகிறோம். நிறுவும்போது உருவாகும் ‘அட்மின்’ கணக்கின் நீண்ட பாஸ்வேர்டு முத்திரையிட்ட உறையில் டைரக்டரின் பெட்டகத்தில் இருக்கிறது. பொதுக் கணக்கில் நுழைந்தால் பதிவேட்டில் ‘அட்மின் மாற்றினார்’ என்றுதான் வரும். அந்த அட்மின் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. தணிக்கைக்காக வாங்கிய மென்பொருளில் அந்த நிலைமை வரக் கூடாது.

இதோடு இன்னொரு வசதியும் இருக்கிறது. அச்சிட்ட பக்கங்களையே படமாகச் சேமித்து, பிறகு திரையில் பார்க்கும் வசதி. நாமாக இயக்கினால்தான் அது வேலை செய்யும். விற்க வருபவர் இதைப் பெருமையாகக் காட்டுவார். எங்கள் அலுவலகத்தில் இது அணைத்தே இருக்கிறது, இனியும் அப்படித்தான் இருக்கும். பிப்ரவரியில் அச்சாகும் எல்லா ஐஆர்8ஏ படிவங்களின் நகலும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்தால், அதை எடுப்பவனுக்கு வேறெதுவும் தேவைப்படாது. சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தினால் ஒழிய இதைத் தொடாதீர்கள்.

இப்போது 2023இல் நடந்ததைச் சொல்கிறேன். இந்தச் சர்வரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மென்பொருள் பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-27350 என்ற எண்ணில் பதிவான பேப்பர்கட் ஓட்டை அது. தீவிர மதிப்பு 10க்கு 9.8. விஷயம் இதுதான்: மென்பொருளை முதன்முதலில் நிறுவி முடித்ததும் ‘நிறுவல் முடிந்தது’ என்று காட்டும் ஒரு பக்கம் உள்ளே உண்டு. நிறுவி வருடக்கணக்கான பிறகும் அந்தப் பக்கத்தின் முகவரியைப் பிரவுசரில் நேரடியாகத் தட்டினால் அது திறந்தது. திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் நிர்வாகியாகவே உள்ளே விட்டுவிட்டது. அச்சு வேலைகளுக்கு விதிகள் எழுத உள்ளே ஒரு ஸ்கிரிப்ட் வசதி இருக்கிறது. தாக்குபவன் நிர்வாகியாக நுழைந்து அதன் பாதுகாப்பு வேலியை அணைத்துவிட்டு, தனக்கு வேண்டிய கட்டளையை அதன் வழியே ஓட்டலாம். விண்டோஸில் இந்தச் சர்வீஸ் இயல்பாகவே ‘சிஸ்டம்’ உரிமையில் ஓடுவதால், முழுக் கணினியும் அவன் கைக்குப் போய்விடும்.

திருத்திய பதிப்புகளை நிறுவனம் மார்ச் 8ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது: 20.1.7, 21.2.11, 22.0.9. தாக்குதலின் தடயங்கள் தெரியத் தொடங்கியது ஏப்ரல் நடுப்பகுதியில். இடையில் ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் புதுப்பிக்காதவர்கள் மாட்டினார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் குளோப், லாக்பிட் பணயத் தாக்குதல்களோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. மே 11ஆம் தேதி அமெரிக்காவின் எஃப்பிஐயும் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. அங்கே குறிப்பாகப் பள்ளி, கல்லூரிகள் அடிபட்டன. அதே ஆண்டு விண்டோஸ் சர்வர்களைப் பாதிக்கும் இன்னொரு ஓட்டையும் வந்தது, 22.1.3இல் அதை அடைத்தார்கள்.

நான் இதை நிறுவனத்தின் மேல் குற்றமாக அடுக்கவில்லை. ஓட்டை வராத மென்பொருள் எதுவும் கிடையாது. அவர்கள் திருத்தத்தைக் கொடுத்தார்கள், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதை வெளிப்படையாக எழுதினார்கள். பிறகு வந்த பதிப்புகளில் ஸ்கிரிப்ட், வெளி நிரல்கள் தொடர்பான ஆபத்தான அமைப்புகளை வலைப்பக்கத்திலிருந்து எடுத்து, சர்வரின் வட்டில் இருக்கும் ஒரு தனிக் கோப்புக்கு மாற்றினார்கள். நிர்வாகியாக வலையில் நுழைந்தாலும் அதை மாற்ற முடியாது, சர்வருக்குள்ளேயே நுழைந்தால்தான் முடியும். சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்றே சொல்வேன்.

என் கோபமெல்லாம் நிறுவிக் கொடுப்பவர்கள் மேல்தான். எம்எஃப் பெரும்பாலும் மெஷின் வாடகைக்கு விடும் முகவர்கள் வழியாகத்தான் வருகிறது. நான் இந்த வேலையில் சேர்ந்தபோது சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எந்த முகவர் என்று நான் சொல்லப்போவதில்லை. கணக்கெடுத்துப் பார்க்கையில் ஃபயர்வாலில் 9191 என்ற போர்ட்டுக்கு (நெட்வொர்க் வழியே சர்வருக்குள் போகும் எண்ணிட்ட வாசல்) வெளியிலிருந்து வர அனுமதிக்கும் ஒரு விதி இருந்தது. பேப்பர்கட்டின் நிர்வாகப் பக்கம் வழக்கமாகத் திறப்பது அந்தப் போர்ட்டில்தான். மறையாக்கம் உள்ள பக்கம் 9192இல். எனக்கு நெஞ்சு திக்கென்றது. கீழே காப்பிக்கடைக்குப் போனேன். கைப்பேசியில் ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் எங்கள் அலுவலகத்தின் வெளி முகவரியையும் அந்த எண்ணையும் தட்டினேன். பச்சை நிறச் சின்னத்தோடு நுழைவுப் பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. அதாவது உலகத்தில் யார் வேண்டுமானாலும் எங்கள் அச்சுக் கணக்கின் வாசலில் வந்து நிற்கலாம். பாஸ்வேர்டு என்னவென்று பிறகு பார்த்தேன். முகவரின் பெயரும் ஆண்டும்.

நிறுவிய பையனை அழைத்துக் கேட்டேன். “அண்ணே, நீங்க கூப்பிட்டா நாங்க அங்கேருந்தே பார்த்துக் கொடுக்கத்தான் அப்படித் திறந்து வச்சோம். எல்லாக் கஸ்டமருக்கும் இப்படித்தான், இதுவரைக்கும் பிரச்சினை வந்ததில்ல” என்றான். பொய் சொல்கிறவன் அல்ல. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் மெஷினைப் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவன், சர்வரைக் காக்க அல்ல. ஆனால் அதே பாஸ்வேர்டு மற்ற எல்லா அலுவலகங்களிலும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை. அன்றைக்கே அந்த விதியை எடுத்தேன். இப்போது முகவர் உதவ வேண்டுமானால் எங்கள் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பில் தன் பெயரில், நான் திறந்துவிடும் நேரத்துக்கு மட்டும் வருகிறார். இதைப் படிப்பவர்கள் யாராவது இப்படி ஒரு சர்வர் வைத்திருந்தால், தயவுசெய்து கைப்பேசியில் அந்தச் சோதனையை இன்றே செய்து பாருங்கள்.

இந்தச் சர்வரை உள்ளுக்குள் எப்படி வைத்திருக்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். அதற்கென்று தனி விண்டோஸ் சர்வர், வேறெந்த வேலையும் அதில் கிடையாது. குறிப்பாக, எல்லா ஊழியர்களின் லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரும் அதுவும் ஒரே கணினியில் இருக்கவே கூடாது. 2021 ஜூலையில் விண்டோஸின் அச்சு சர்வீஸான ஸ்பூலரில் வந்த ‘பிரிண்ட்நைட்மேர்’ ஓட்டை நினைவிருக்கலாம். அச்சு சர்வீஸ் வழியாகவே முழுக் கணினியையும் பிடிக்க முடிந்தது. அச்சுக்கு வேலையில்லாத சர்வர்களில் ஸ்பூலரை நிறுத்தி வைப்பதும், நிர்வாகி மட்டுமே டிரைவர் நிறுவ முடியும் என்று வைப்பதும் அப்போதிலிருந்து எங்கள் பழக்கம். விருந்தினர் வைஃபையிலிருந்து சர்வருக்கு வழியே இல்லை. மென்பொருளோடு வரும் வலைப்பக்கப் பாதுகாப்புச் சான்றிதழ் தானே கையெழுத்திட்டுக்கொண்டது என்பதால் பிரவுசர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தட்டித் தள்ளிவிட்டு உள்ளே போகும் பழக்கம் ஊழியர்களுக்கு வந்துவிடக் கூடாது. ஆகவே எங்கள் டொமைனின் சான்றிதழைப் போட்டேன். லினக்ஸில் நிறுவினால் இது தனக்கென்று உரிமை குறைந்த ஒரு பயனர் கணக்கில் ஓடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதையும் யோசிக்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாத அலுவலகங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிரிண்டருக்கு நேரடியாகப் போகும் வழியை அடைப்பது.

அலுவலகப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 9100 என்ற போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் எதை அனுப்பினாலும் அச்சிட்டுக் கொடுக்கும். 515, 631 என்று வேறு வாசல்களும் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்த ஊழியர் பிரிண்டரின் ஐபி முகவரியை மெஷின் திரையில் பார்த்து, தன் மடிக்கணினியில் நேரடியாகச் சேர்த்துக்கொண்டால் போதும். தாள் வரும், சர்வருக்குத் தெரியவே தெரியாது. கணக்கில் ஒரு வரிகூட இருக்காது. கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். எனவே எங்கள் மெஷின்கள் எல்லாம் தனி வீலேனில் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) இருக்கின்றன. சர்வரின் ஐபி முகவரியிலிருந்து வரும் வேலையை மட்டும்தான் அவை ஏற்கும். ஸ்விட்சிலும் அந்த விதி இருக்கிறது, மெஷினின் சொந்த அமைப்பிலும் அனுமதிப் பட்டியலாக இருக்கிறது. மெஷினின் நிர்வாகப் பாஸ்வேர்டையும், நிலவரம் கேட்கும் எஸ்என்எம்பியின் ‘பப்ளிக்’ என்ற பொதுச் சொல்லையும் மாற்றினோம். முன்பக்க யுஎஸ்பி துளையில் செருகி அச்சிடுவதை அணைத்தோம்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை நான் தவறாமல் செய்வது, மெஷினின் சொந்த மீட்டர் எண்ணிக்கையையும் பேப்பர்கட் காட்டும் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வாடகைக் கட்டணத்துக்காக மீட்டர் எண்ணை எப்படியும் எடுக்கத்தானே வேண்டும். சோதனைப் பக்கம், ஃபேக்ஸ் என்று சிறு வித்தியாசம் இருக்கும். அதைத் தாண்டி இடைவெளி தெரிந்தால் யாரோ வேறு வழியில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாம் மாடி மெஷினில் ஒருமுறை அப்படித் தெரிந்தது. தேடிப் பார்த்தால், புதிதாக வந்த ஸ்விட்சில் வீலேன் விதியைப் போடாமல் விட்டிருந்தார்கள். தணிக்கைப் பதிவேடு தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்காது. வெளியிலிருந்து இன்னொரு எண்ணை வைத்துத்தான் அதைப் பிடிக்க முடியும்.

பேக்கப் பற்றி இரண்டு வார்த்தை. வாரம் ஒருமுறை மென்பொருள் தானே டேட்டாபேஸை ஒரு சிப் (zip) கோப்பாகச் சுருக்கி எடுத்து வைக்கும். நல்லதுதான். ஆனால் அது வைக்கும் இடம் அதே சர்வரின் வட்டு. சிப்பைப் பிரித்தால் உள்ளே இருப்பது எளிதாகப் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகள், ஆவணப் பெயர்கள் உட்பட. சர்வருக்கு இவ்வளவு பூட்டுப் போட்டுவிட்டு அந்தக் கோப்பைப் பொது ஃபோல்டரில் போட்டால் என்ன பயன்? நாங்கள் அதை மறையாக்கம் செய்து வேறு இடத்துக்கு அனுப்புகிறோம். மென்பொருளோடு வரும் உள் டேட்டாபேஸைவிட, போஸ்ட்கிரெஸ் போன்ற தனி டேட்டாபேஸ் மென்பொருளில் வைப்பது பெரிய அலுவலகத்துக்கு நல்லது.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதுதான் எங்கள் அலுவலகத்தில் அதிக விவாதம் எழுந்த விஷயம். பழைய பதிவுகளை இத்தனை நாளுக்குப் பிறகு அழித்துவிடு என்று சொல்ல மென்பொருளில் வழி இருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் விவரங்களை நீக்கவும் வழி இருக்கிறது. நாம் சொல்லாவிட்டால் எல்லாம் அப்படியே குவிந்துகொண்டிருக்கும். நான் வந்தபோது நிறுவிய நாள் முதலான வரிகள் அத்தனையும் அதில் கிடந்தன. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த பிறகு தனிநபர் விவரங்களை வைத்திருக்கக் கூடாது. ஐசி எண்ணைக் கையாள்வதற்கான வழிகாட்டிகள் 2019 செப்டம்பர் முதல் இன்னும் இறுகிவிட்டன. 2021 பிப்ரவரியிலிருந்து, 500 அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தாலோ, கசிவால் பெரிய தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அப்படி மதிப்பிட்ட மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் அபராதத்தின் உச்சவரம்பும் உயர்ந்தது. சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் உள்ள நிறுவனத்துக்கு அந்த வருவாயில் 10 விழுக்காடு வரை போகலாம், மற்றவர்களுக்கு 1 மில்லியன் வெள்ளி வரை.

ஐசி எண்ணோடு பெயர் வைத்த கோப்புகளை ஆண்டுக்கணக்கில் அச்சிட்ட அலுவலகத்தின் பதிவேட்டில் 500 பேர் சுலபமாகத் தேறிவிடுவார்கள். மனிதவளப் பிரிவில் இருக்கும் மலாய் அக்காவோடு உட்கார்ந்து பேசினேன். எந்தத் தகராறுக்கு எவ்வளவு பின்னோக்கிப் பார்க்க வேண்டி வந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதை வைத்து ஒரு கால வரம்பு வைத்தோம், அதற்கு முந்தையதை அழித்தோம். கோப்புப் பெயரில் ஐசி எண் போடக் கூடாது, எங்கள் உள் எண் மட்டும்தான் என்று ஒரு விதியும் வந்தது. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது. சர்வரில் நான் செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு விதி அதிகப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

குறைகள் என்று பார்த்தால், அமைப்புகள் ஏராளம், எது எங்கே இருக்கிறது என்று பழகக் காலம் பிடிக்கும். பாதுகாப்பு தொடர்பானவை ஒரே இடத்தில் இல்லாமல் கொஞ்சம் வலைப்பக்கத்தில், கொஞ்சம் கோப்பில், கொஞ்சம் விண்டோஸில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஆவணப் பெயர்கள் பதிவாகும் என்பதைப் புதிதாக வாங்குபவருக்கு நிறுவும்போதே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும், அதைப் பற்றி முடிவெடுக்க வைக்க வேண்டும். விண்டோஸில் ‘சிஸ்டம்’ உரிமையில் ஓடுவதும் எனக்குப் பிடிக்காத ஒன்று. மற்றபடி அவர்களின் ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன, பாதுகாப்பு அறிவிப்புகளுக்குத் தனி மின்னஞ்சல் பட்டியல் இருக்கிறது. வாங்கிய அன்றே அதில் சேர்ந்துவிடுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் நாட்டின் இணையப் பாதுகாப்பு எச்சரிக்கைக் குழுவான சிங்செர்ட் தரும் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்? ஐந்து பேர் வரை உள்ள சிறிய கடைக்கு என்ஜி இலவசமாகவே கிடைக்கிறது. யார் எவ்வளவு அச்சிட்டார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் அவர்களுடைய இலவச பிரிண்ட் லாகர் போதும், அதற்கு மேல் செலவே வேண்டாம். சம்பளம், சட்டம், மருத்துவம் என்று அந்தரங்கத் தாள்கள் ஓடும் நடுத்தர அலுவலகத்துக்கு எம்எஃப் நிச்சயம் உதவும். ஆனால் பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) வந்த வாரத்திலேயே போட்டுவிட ஒரு ஆள் உங்களிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொறுப்பு முகவரின் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது மூன்று வரி சேர்க்கச் சொன்னேன்: தீவிரமான பாதுகாப்புத் திருத்தம் வெளியான ஏழு நாளுக்குள் சர்வரில் போட வேண்டும், எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் வெளியிலிருந்து எந்த வழியும் திறக்கக் கூடாது, வேறெந்த வாடிக்கையாளருக்கும் வைத்த பாஸ்வேர்டை எங்களுக்கு வைக்கக் கூடாது. முகவர் முதலில் இழுத்தடித்தார், பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நீங்கள் பேரம் பேசும்போது விலையைக் குறைக்கக் கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள்.